36 பேர் வந்தார்கள், 36 பேரும் திரும்பினார்கள்: ஹார்வி ஹாடிக்ஸ், 1959

#1 இடக்கைப்பந்து

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக என் மேசையில் ஒரு ஸ்கோர் தாள் கிடக்கிறது. 1959 மே 26, செவ்வாய்க்கிழமை இரவு, மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியும் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியும் மோதிய பேஸ்பால் ஆட்டம். கிடைத்த குறிப்புகளை வைத்துப் பென்சிலால் நானே அதை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிரேவ்ஸ் பக்கத்தில் ஒன்பது வரிசைகள். ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு கட்டங்கள் நிரம்பிவிட்டன. மொத்தம் 36. பேட்டர் முதல் பேஸை அடைந்தால் கட்டத்துக்குள் வைர வடிவத்தின் முதல் கோட்டை வரைய வேண்டும். அந்த 36 கட்டங்களில் ஒரு கோடு கூட வரையும் தேவை எனக்கு வரவில்லை. ஒவ்வொரு ஃபீல்டருக்கும் ஓர் எண் உண்டு; இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால் 6-3. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட் என்றால் ‘கே’. இப்படியே எழுதிக்கொண்டு போனால், பன்னிரண்டாவது இன்னிங்ஸ் முடியும்போது தாள் வெறிச்சோடிக் கிடக்கிறது. நெஞ்சு அடைத்துக்கொள்கிற மாதிரியான வெறுமை அது.

எறிந்தவர் ஹார்வி ஹாடிக்ஸ். இடக்கைக்காரர், ஓஹாயோ மாநிலத்துக் கிராமத்து மனிதர், ஐந்தடி ஒன்பது அங்குல உயரம். அன்று சளிக் காய்ச்சலோடுதான் ஆடுகளத்துக்கு வந்தார். எதிரே நின்றது சாதாரண அணி அல்ல. அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்பாலான மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக் பட்டத்தை 1957, 1958 இரண்டு ஆண்டுகளும் வென்ற அணி. ஹாங்க் ஆரன், எடி மேத்யூஸ், ஜோ ஆட்காக் என்று அடுத்தடுத்து நிற்பார்கள். ஆரன் அந்த மே மாதம் .400-க்கு மேல், அதாவது பத்து முறைக்கு நான்குக்கும் மேல் ஹிட் என்ற கணக்கில், அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அணியைப் பன்னிரண்டு இன்னிங்ஸ் முழுக்க ஒருவர் கூட பேஸ் தொடாமல் நிறுத்தினார் ஹாடிக்ஸ். அதன் பிறகு, பதின்மூன்றாவது இன்னிங்ஸில், 1-0 என்று தோற்றார்.

1991-இல் மேஜர் லீக் நிர்வாகம் விளக்கத்தைத் திருத்தி, அந்த ஆட்டத்தை ‘நோ-ஹிட்டர்’ பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. என் கேள்வி இதுதான்: அது நியாயமா? ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை நிறுத்தினால் ‘பெர்ஃபெக்ட் கேம்’, வரலாறு. 36 பேரை நிறுத்தினால் வெறும் தோல்வியா? என்னால் இதை ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 புதுவாசகி

அண்ணா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஆனாலும் உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ‘பெர்ஃபெக்ட் கேம்’, ‘நோ-ஹிட்டர்’ இரண்டும் ஒன்றா? பேஸ் தொடாமல் நிறுத்துவது அவ்வளவு கடினமா? யாராவது பொறுமையாக விளக்குங்கள்.

#3 மணிக்கூண்டு

சகோதரி, சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஒன்பது இன்னிங்ஸ் ஆடினால் 27 அவுட். பேட்டர் ஆட்டமிழக்காமல் முதல் பேஸை அடையப் பல வழிகள் உண்டு: பந்தை அடித்து ஓடலாம் (இதுதான் ‘ஹிட்’), நான்கு தவறான பந்துகள் வந்தால் நடந்து போகலாம், பந்து உடம்பில் பட்டாலும் போகலாம், ஃபீல்டர் தவறு செய்தாலும் போகலாம். ஹிட் மட்டும் விழாமல் ஆட்டம் முடிந்தால் அது நோ-ஹிட்டர். எந்த வழியிலும் ஒருவர் கூட முதல் பேஸைத் தொடாமல் ஆட்டம் முடிந்தால்தான் பெர்ஃபெக்ட் கேம். அதாவது பிட்சர் மட்டும் நன்றாக எறிந்தால் போதாது. கூட நிற்கும் எட்டுப் பேரும் ஒரு பந்தைக்கூட நழுவவிடக் கூடாது.

எவ்வளவு அரிது என்றால், 1870-களிலிருந்து ஆடிவரும் மேஜர் லீக்கில் அதிகாரபூர்வக் கணக்குப்படி 2023 வரை 24 பெர்ஃபெக்ட் கேம்கள்தான். 1959-இல் நிலைமை இன்னும் விசேஷம். நேஷனல் லீக்கில் 1880-க்குப் பிறகு ஒருவரும் அதைச் செய்திருக்கவில்லை.

இப்போது இடக்கைப்பந்துவின் கேள்விக்கு வருகிறேன். நான் அவரோடு உடன்படவில்லை. மேலே நான் எழுதியதில் ‘ஆட்டம் முடிந்தால்’ என்ற சொல்லைப் பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. நல்ல பந்துவீச்சு என்பதற்கு வைத்த பெயர் அல்ல பெர்ஃபெக்ட் கேம். ஒரு முழு ஆட்டத்துக்கு வைத்த பெயர். ஹாடிக்ஸ் எறிந்தது வரலாற்றிலேயே மிகச் சிறந்த பன்னிரண்டு இன்னிங்ஸ். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டம் பதின்மூன்றில்தான் முடிந்தது.

#4 இடக்கைப்பந்து

நண்பரே, ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிவில் என்ன நடந்தது என்று பாருங்கள். இருபத்தேழாவது ஆளாக வந்தவர் எதிரணியின் பிட்சர் லூ பர்டெட். அவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் ஹாடிக்ஸ். 27 பேர், 27 அவுட். வேறு எந்த நாளாக இருந்தாலும் சக வீரர்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். அன்று அவர் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். அவருடைய அணி ஒரு ரன் கூட எடுக்கவில்லை என்பதுதான் காரணம். அது அவர் செய்த தவறா?

அதற்குப் பிறகும் மூன்று இன்னிங்ஸ் ஒன்பது பேரை நிறுத்தினார். ஒன்பது இன்னிங்ஸோடு நின்றவருக்குப் பட்டியலில் இடம், அதையும் தாண்டி உழைத்தவருக்கு இல்லை. கூடுதலாகச் செய்ததாலேயே ஒருவருக்கு இருந்ததும் போகும் என்றால், அது என்ன கணக்கு?

#5 கரிசல்மண்

பைரேட்ஸ் ஒரு ரன் கூட எடுக்கவில்லை என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதுதான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம்.

அவர்கள் அன்று அடித்த ஹிட்கள் 12. பன்னிரண்டும் ஒற்றை பேஸ் ஹிட்கள். 12 ஹிட் அடித்த அணி பூஜ்யம். ஒரே ஒரு ஹிட் அடித்த அணிக்கு வெற்றி.

மூன்றாவது இன்னிங்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வலது ஃபீல்டில் வழக்கமாக நிற்கும் ராபர்ட்டோ கிளெமென்ட்டே அன்று ஆடவில்லை. அவருக்குப் பதிலாக வந்த ரோமன் மெஹியாஸ் முதல் பேஸில் நிற்கிறார். ஹாடிக்ஸே பேட் பிடித்து ஒரு பந்தைத் தட்டுகிறார். அது உள்வட்டத்திலேயே சிதறி ஹிட் ஆகிவிடுகிறது. மெஹியாஸ் இரண்டாவது பேஸில் நின்றிருந்தால் போதும். அவர் மூன்றாவதுக்கும் ஓடினார். அவுட். அடுத்து வந்த டிக் ஸ்கோஃபீல்ட் ஹிட் அடிக்கிறார். மெஹியாஸ் இரண்டாவதில் இருந்திருந்தால், ரன் கணக்காகும் ஹோம் பேஸ் என்ற ‘வீடு’ வந்து சேர்ந்திருப்பார். 1-0. ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸோடு முடிந்து, ஹாடிக்ஸ் பெயர் பட்டியலின் உச்சியில் இருந்திருக்கும்.

இன்னொன்று, பாப் ஸ்கின்னர் அடித்த நீண்ட பந்து. வேலியைத் தாண்டிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதிர்க்காற்று அதைப் பிடித்து நிறுத்த, ஹாங்க் ஆரன் வேலியோரம் நின்று கையில் வாங்கிக்கொண்டார். அந்தக் காற்று அந்த நிமிடம் மட்டும் ஓய்ந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

#6 எட்டாம்வரிசை

எல்லோரும் ஹாடிக்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். லூ பர்டெட்டுக்காக யாராவது பேச வேண்டாமா?

அவருடைய கணக்கையும் பாருங்கள்: 13 இன்னிங்ஸ், 12 ஹிட், ஒருவரைக்கூட இலவசமாக நடக்கவிடவில்லை, ரன் பூஜ்யம். ஸ்ட்ரைக் அவுட் இரண்டே இரண்டு. அதாவது பைரேட்ஸ் வீரர்கள் இன்னிங்ஸ்தோறும் பந்தில் மட்டையை வைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். திரும்பத் திரும்ப பேஸில் ஆள் நிற்கிறது. ஒரு பந்து தவறினால் ஆட்டம் போய்விடும். அந்த நெருக்கடியில் பதின்மூன்று இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். எதிரே ஒருவர் ஆளே விடாமல் எறிந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகும் தளரவில்லை. ஹாடிக்ஸ் சுத்தமான மேசையில் எழுதினார். பர்டெட் ஒவ்வொரு முறையும் சிந்தியதைத் துடைத்துத் துடைத்து எழுதினார். எனக்கு இரண்டாவது வேலைதான் கடினமாகத் தெரிகிறது.

1957 உலகத் தொடரில் யாங்கீஸ் அணியை மூன்று முறை வென்றவர் அவர். அன்று இரவே ஹாடிக்ஸுக்குத் தொலைபேசியில் பேசினார் என்பது எனக்கு அவரிடம் பிடித்த விஷயம். உன் அணியின் ஹிட்களைச் சேர்த்து அடிக்கக் கற்றுக்கொடு என்ற பாணியில் வேடிக்கையாகப் பேசினாராம். ஹாடிக்ஸ் அதை அந்த நேரத்தில் ரசிக்கவில்லை. ரசிக்க முடியுமா?

#7 புதுவாசகி

மணிக்கூண்டு அவர்களுக்கு மிக்க நன்றி. இப்போது நன்றாகப் புரிகிறது. ஆனால் அந்தப் பதின்மூன்றாவது இன்னிங்ஸில் என்னதான் நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லையே! ஒரே ஹிட் என்கிறீர்கள், அதில் எப்படித் தோற்றார்?

#8 இடக்கைப்பந்து

சொல்கிறேன். அதை எழுத வேண்டியிருக்குமே என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என் தாளிலும் அந்தக் கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.

36 என்பது ஒன்பதின் நான்கு மடங்கு. ஆகையால் பிரேவ்ஸ் வரிசை சரியாக நான்கு சுற்று முடிந்து, பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மறுபடி முதல் இடத்திலிருந்து தொடங்குகிறது. முதல் ஆள் ஃபெலிக்ஸ் மான்டில்லா. அவர் ஆட்டத்தைத் தொடங்கியவர் அல்ல. பிற்பாதியில் மாற்றாக வந்தவர். அவர் தரையோடு தட்டிய பந்து மூன்றாவது பேஸில் நின்ற டான் ஹோக்கிடம் போகிறது. சாதாரணமான பந்து. ஹோக் சுத்தமாக எடுக்கிறார். நேரம் இருக்கிறது. எறிகிறார். பந்து தாழ்ந்து போய், முதல் பேஸில் நின்ற ராக்கி நெல்சன் முன்னால் மண்ணில் விழுகிறது. நெல்சனால் பிடிக்க முடியவில்லை.

ஸ்கோர் தாளில் அதற்கு ‘ஈ5’ என்று எழுத வேண்டும். ஐந்தாம் எண் ஃபீல்டரின் தவறு. அவ்வளவுதான். பெர்ஃபெக்ட் கேம் போய்விட்டது. நோ-ஹிட்டர் மட்டும் மிச்சம்.

அடுத்தவர் மேத்யூஸ். அந்த ஆண்டு லீக்கில் எல்லோரையும்விட அதிகமாக, பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் 46 அடித்தவர். அவர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுத் தன்னைத் தியாகம் செய்து மான்டில்லாவை இரண்டாவதுக்கு நகர்த்துகிறார். ஹாடிக்ஸை அவ்வளவு மதித்தார்கள்! அடுத்து ஆரன். அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். பிறகு ஆட்காக். அதுவரை ஹாடிக்ஸிடம் இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட், இரண்டு முறை தரைப்பந்து. ஐந்தாவது முறை, பக்கவாட்டில் விலகும் ‘ஸ்லைடர்’ பந்து ஒன்று கொஞ்சம் உயரத்தில் தங்கிவிட்டது. வலது மத்திய வேலிக்கு மேலே பறந்தது பந்து. நடு ஃபீல்டில் நின்ற பில் வெர்டன் ஓடிப் பார்த்தார். எட்டவில்லை.

#9 பழையவானொலி

அடுத்த காட்சியையும் சொல்லிவிட வேண்டும் தம்பி. பேஸ்பால் வரலாற்றில் அதற்கு நிகரான குழப்பம் குறைவு.

ஆட்காக் அடித்தது ஹோம் ரன். மூன்று ரன் வர வேண்டும். ஆனால் ஆரன் பந்து வேலியைத் தாண்டியதைப் பார்க்கவில்லை. களத்துக்குள்ளேயே விழுந்தது, மான்டில்லா வீடு சேர்ந்ததும் ஆட்டம் முடிந்தது என்று எண்ணி, இரண்டாவது பேஸைத் தொட்டபின் தன் பெஞ்சை நோக்கித் திரும்பிவிட்டார். பின்னால் தலையைக் குனிந்து ஓடிவந்த ஆட்காக் அவரைக் கடந்துவிட்டார். முன்னால் ஓடுபவரைப் பின்னால் வருபவர் கடந்தால், கடந்தவர் அவுட். சக வீரர்கள் கத்தி, இருவரையும் மறுபடி முறைப்படி ஓடவைத்துப் பார்த்தார்கள். பயனில்லை.

முதலில் 2-0 என்று அறிவித்தார்கள். பிறகு லீக் தலைவர் வாரன் கைல்ஸ் தீர்ப்பு வழங்கினார்: ஆட்காக் அடித்தது ஹோம் ரன் ஆகாது, இரண்டு பேஸ் ஹிட்தான். அது இரண்டு பேஸ் ஹிட் என்றால் மான்டில்லா வீடு தொட்ட அந்தக் கணத்திலேயே ஆட்டம் முடிந்தது. ஆகவே 1-0.

கிரிக்கெட் மட்டும் தெரிந்த அந்தப் பெண்ணுக்காக ஒன்று சொல்கிறேன். 2010-இல் தம்புள்ளையில் சேவாக் 99-இல் நின்றபோது சிக்ஸர் அடித்தும் அது கணக்கில் வரவில்லை, நினைவிருக்கிறதா அம்மா? வெற்றிக்கு வேண்டியது ஒரு ரன். பந்து நோ-பால் என்பதால் அந்த ஒரு ரன் முதலிலேயே வந்துவிட்டது. மட்டையில் பட்ட சிக்ஸர் ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததாக ஆகிவிட்டது. வேலியைத் தாண்டியது கண்ணுக்குத் தெரிகிறது, ஏட்டில் இல்லை. ஆட்காக்குக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான்.

#10 புதுவாசகி

நன்றாக நினைவிருக்கிறது ஐயா! அன்று எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. இப்போது மிகத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

எனக்கு டான் ஹோக்கை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. பன்னிரண்டு இன்னிங்ஸ் சரியாக ஆடிவிட்டு ஒரே ஓர் எறி.

#11 கரிசல்மண்

சகோதரி, ஹோக் பற்றி இன்னும் ஒன்று தெரிந்தால் மனம் இன்னும் கனக்கும். ஆட்டத்துக்கு முன்னால் பிட்சர்கள் எதிரணி பேட்டர்களுக்கு எப்படிப் பந்து போடப்போகிறோம் என்று சக வீரர்களுக்குச் சொல்வது வழக்கம். அன்று ஹாடிக்ஸ் ஒவ்வொருவராகச் சொல்லி முடித்ததும், நீ சொல்கிறபடியே எறிந்தால் இன்று நோ-ஹிட்டர்தான் என்று சொன்னவர் ஹோக். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இன்னொரு தகவல். அந்த ஆண்டு ஜனவரியில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடமிருந்து பைரேட்ஸ் ஒரே பேரத்தில் மூவரை வாங்கியது: பிட்சர் ஹாடிக்ஸ், கேட்சர் ஸ்மோக்கி பர்ஜஸ், மூன்றாவது பேஸ்காரர் டான் ஹோக். எறிந்தவர், வாங்கியவர், நழுவவிட்டவர் மூவரும் ஒரே ரயிலில் ஏறி வந்தவர்கள் போல.

#12 மணிக்கூண்டு

விவாதத்தை மறுபடி கேள்விக்குக் கொண்டுவருகிறேன். 1991-இல் நடந்தது ஹாடிக்ஸ் மீதான தனிப்பட்ட வன்மம் அல்ல. அப்போதைய ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, நோ-ஹிட்டர் என்றால் என்ன என்று முதன்முறையாகத் தெளிவாக எழுதியது: ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட இன்னிங்ஸ் நடந்து, ஹிட் விழாமலேயே முடியும் ஆட்டம். அந்த ஒற்றை வரியால் ஏறத்தாழ 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து விழுந்தன. மழையால் ஐந்து, ஆறு இன்னிங்ஸோடு நின்ற ஆட்டங்களும் அதில் போயின. அதற்கு முந்தைய ஆண்டு யாங்கீஸ் அணியின் ஆண்டி ஹாக்கின்ஸ் எட்டு இன்னிங்ஸ் எறிந்து, ஹிட்டே கொடுக்காமல் 4-0 என்று தோற்றார். அவருடையதும் போயிற்று.

மழையில் ஐந்து இன்னிங்ஸோடு நின்றதையும் நோ-ஹிட்டர் என்று வைத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு என்ன? எங்காவது கோடு போட வேண்டும். போட்ட கோடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரக்கப்பட்டு ஒருவருக்காகக் கோட்டை வளைத்தால், நாளைக்குப் பட்டியல் என்று ஒன்றே இருக்காது.

1995-இல் பெட்ரோ மார்டினெஸ் சான் டியேகோவில் ஒன்பது இன்னிங்ஸ் ஒருவரையும் விடவில்லை. பத்தாவதில் முதல் ஆளே இரண்டு பேஸ் ஹிட் அடித்தார். அவர் அணி 1-0 என்று வென்றது. அவர் பெயரும் பெர்ஃபெக்ட் கேம் பட்டியலில் இல்லை. விதி இருவருக்கும் ஒன்றுதான்.

#13 இடக்கைப்பந்து

மழையில் பாதியில் நின்ற ஆட்டத்தையும் 12 இன்னிங்ஸ் நடந்த ஆட்டத்தையும் ஒரே வரியால் வெட்டியதுதான் என் கோபம் நண்பரே. ஒன்று குறைவாக நடந்ததால் போயிற்று. மற்றது அதிகமாக நடந்ததால் போயிற்று. இரண்டும் எப்படி ஒன்றாகும்? மார்டினெஸையும் ஹாடிக்ஸையும் சேர்த்துத் தனித் தலைப்பில், ‘ஒன்பது இன்னிங்ஸ் முழுமையாக’ என்று ஒரு வரி எழுதினால் யாருடைய மதிப்பு குறையும்? அந்தக் கோடு வளையாது. பக்கத்தில் இன்னொரு கோடு வரும், அவ்வளவுதான்.

ஒரே ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து 36 பேரை வரிசையாக நிறுத்தியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதை வைக்கப் பட்டியலில் ஓர் இடம் இல்லை என்றால், குறை பட்டியலில் இருக்கிறது.

#14 கரிசல்மண்

இடக்கைப்பந்துவின் பக்கம் நான் சேர்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இது பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது.

கேட்சர் பிட்சருக்கு விரலால் சைகை காட்டித்தான் அடுத்த பந்து என்ன என்று சொல்வார். ஸ்மோக்கி பர்ஜஸ் பருமனானவர். இரவு நீள நீள அவரால் சரியாகக் குந்த முடியவில்லை. கால்களுக்கு நடுவே காட்டும் விரல்கள் வெளியே தெரிந்தன. ஃபீல்டுக்கு வெளியே, மாற்றுப் பிட்சர்கள் உட்காரும் இடத்தில் இருந்த பிரேவ்ஸ் ஆட்கள் தொலைநோக்கியால் அதைப் பார்த்து, ஒரு துண்டை நகர்த்தி நகர்த்தித் தங்கள் பேட்டர்களுக்கு அடையாளம் காட்டினார்கள். வேகப்பந்து வரப்போகிறதா, வளைபந்தா என்று! இதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டவர் அந்த அணியின் பிட்சர் பாப் பியூல். அந்தச் சைகையை வேண்டாம் என்று ஒதுக்கியவர் ஆரன் ஒருவர்தான் என்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். என்ன பந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தும் 36 பேரால் முதல் பேஸை அடைய முடியவில்லை. இதைப் படித்த நாளில் நான் எழுந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். உட்கார முடியவில்லை.

#15 எட்டாம்வரிசை

இது எனக்குத் தெரியாது. துண்டு விஷயம் உண்மையிலேயே அதிர்ச்சியாக இருக்கிறது. பர்டெட்டுக்காக நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பிரேவ்ஸ் பேட்டர்கள் மீது இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

அந்த வெற்றி அவர்களுக்கு என்ன கொடுத்தது என்றும் பார்த்தேன். 1959 சீசன் முடிவில் பிரேவ்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் 86 வெற்றி, 68 தோல்வி என்று சமநிலையில் நின்றார்கள். பட்டத்தைத் தீர்மானிக்கத் தனி ஆட்டங்கள் வைத்தார்கள். அதில் டாட்ஜர்ஸ் வென்றார்கள். மே 26 இரவு வெற்றி இல்லாமல் இருந்தால் பிரேவ்ஸ் அந்தச் சமநிலையையே எட்டியிருக்க மாட்டார்கள். ஹோக்கின் அந்த ஓர் எறி, நான்கு மாதம் கழித்து லீக் பட்டம் வரை போய்த் தொட்டிருக்கிறது.

#16 பழையவானொலி

ஹாடிக்ஸ் என்ன சொன்னார் என்பதை யாரும் கேட்கவில்லையே.

ஸ்கோர் பலகையைப் பார்த்து ஹிட் விழவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் தொடக்கத்தில் யாரையாவது நடக்கவிட்டிருப்போமோ என்ற ஐயம் இருந்ததால், முழுமையாக எறிந்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. வேலையில் அவ்வளவு மூழ்கியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் சாதனையைப் பற்றிப் பேச, அவர் தோல்வியைப் பற்றிப் பேசினார். அவருக்கு அது அணி தோற்ற இன்னொரு நாள். 1991-இல் பட்டியலிலிருந்து நீக்கியபோது, பரவாயில்லை, நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும் என்ற அளவில் முடித்துக்கொண்டார். 1994 ஜனவரியில் காலமானார்.

அவர் வாழ்க்கையை இந்த ஓர் இரவோடு நிறுத்திவிடக் கூடாது. 1953-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 20 வெற்றி பெற்றவர். 1960 அக்டோபர் 13, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? பைரேட்ஸ் யாங்கீஸை 10-9 என்று வீழ்த்திய ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் பில் மாசெராஸ்கி அடித்த ஹோம் ரன்னை உலகமே அறியும். ஆனால் அந்த ஆட்டத்தின் வெற்றி எந்த பிட்சர் பெயரில் பதிவானது தெரியுமா? கடைசியில் உள்ளே வந்த ஹார்வி ஹாடிக்ஸ் பெயரில்தான். அன்று மூன்றாவது பேஸில் நின்றவரும் அதே டான் ஹோக்தான்.

#17 புதுவாசகி

ஐயா, கடைசி வரியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஹோக்கும் வென்றார் என்பதே எனக்குப் போதும்.

#18 மணிக்கூண்டு

பழையவானொலி ஐயா எழுதியது எனக்கும் புதிய தகவல். நன்றி ஐயா.

என் நிலை மாறவில்லை. பெர்ஃபெக்ட் கேம் பட்டியலில் ஹாடிக்ஸ் இருக்கக் கூடாது என்றுதான் இன்னும் சொல்கிறேன். ஆனால் இடக்கைப்பந்து #13-இல் கேட்ட தனி வரிக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. நேற்று முழுக்க யோசித்தேன். கிடைக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸ் முழுமையாக எறிந்து பிறகு இழந்தவர்கள் என்று எழுதினால் அது உண்மை. உண்மையை எழுதுவதில் விதிக்கு ஒரு பங்கமும் வராது.

2017 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் நடந்ததையும் அந்தத் தலைப்பின் பக்கத்திலேயே வைக்கலாம். டாட்ஜர்ஸ் அணியின் ரிச் ஹில், அவரும் இடக்கைக்காரர், எட்டு இன்னிங்ஸ் ஒருவரையும் விடவில்லை. ஒன்பதாவதில் மூன்றாவது பேஸ்காரர் தவறால் ஓர் ஆள் போனார். பத்தாவதில் ஜாஷ் ஹாரிசன் ஹோம் ரன் அடித்தார். 1-0. ஹில்லின் அணியும் ஒரு ரன் கூட எடுத்திருக்கவில்லை. வென்றது பைரேட்ஸ்.

#19 கரிசல்மண்

அதே மூன்றாவது பேஸ், அதே 1-0. மறந்தே போயிருந்தேன். நினைவூட்டியதற்கு நன்றி நண்பரே.

இடக்கைப்பந்து, தாளை முடித்துவிட்டீர்களா?

#20 இடக்கைப்பந்து

இன்று காலை முடித்தேன்.

மான்டில்லா கட்டத்தில் ‘ஈ5’ எழுதி, முதல் பேஸ் வரை கோடு வரைந்தேன். பென்சிலை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, தாளின் பின்பக்கம் தடம் தெரிகிறது. மேத்யூஸ் கட்டத்தில் தியாகத் தட்டல். ஆரன் கட்டத்தில் வேண்டுமென்றே நடக்கவிட்டது. அவருக்கு இரண்டாவது பேஸ் வரை கோடு வரைந்து நிறுத்தினேன். ஆட்காக் கட்டத்திலும் இரண்டாவது பேஸ் வரைதான். பந்து வேலியைத் தாண்டியதற்கு அந்தக் கட்டத்தில் அடையாளம் இல்லை. மான்டில்லாவின் வைரத்தை மட்டும் நான்கு பக்கமும் மூடி, உள்ளே நிழலடித்தேன்.

பிறகு எட்டாம்வரிசை சொன்னதற்காகத் தாளைத் திருப்பி, பைரேட்ஸ் பக்கத்தையும் எழுத உட்கார்ந்தேன். நான் இதுவரை அதைத் தொடவே இல்லை என்பது வெட்கமாக இருந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் ஹாடிக்ஸின் கட்டத்தில் அவர் அடித்த ஹிட்டைக் குறித்தேன். ஸ்கோஃபீல்டின் ஹிட்டில் அவர் மூன்றாவது பேஸ் வரை போயிருக்கிறார். வெர்டன் அடித்த பந்து பிடிபட, அங்கேயே நின்றுவிட்டார். மூன்று பக்கக் கோடு வரைந்தேன். நான்காவது பக்கம் திறந்திருக்கிறது.